படகில் நீங்களும் ஒரு பாரம்தான்: வேக்சர்ஃப் அலையும் ஒரு பரிசல் கணக்கும்

ஒலி எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சற்றே திருத்திய வடிவம் இது.

ஓசூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்குது. கடலே இல்லாத ஊர்ல அலைச்சறுக்கு விளையாட முடியுமா?

நம்ம ஊர்ல இருந்து கிழக்கே கோவளம் போகணும்னா முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. மேற்கே மூல்கி இன்னும் தூரம். ஆனா ரீல்ஸ் பார்த்தீங்கன்னா, எங்கேயோ ஒரு அமைதியான ஏரி, ஒரு படகு மெதுவா போகுது, அதுக்குப் பின்னாடி ரெண்டு மூணு மீட்டர்ல ஒருத்தர் பலகையில நின்னு சறுக்கிக்கிட்டு வர்றார். கையில கயிறு இல்ல. படகு அவரை இழுக்கல. படகு உண்டாக்குற அலைதான் அவரைத் தள்ளுது. இதுக்குப் பேரு வேக்சர்ஃபிங்.

கமெண்ட்ல எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "அவ்ளோ பெரிய எஞ்சினா ப்ரோ?" எஞ்சின் பெருசுதான். ஆனா அலையோட ரகசியம் எஞ்சின்ல இல்ல. அது படகுக்குள்ள ஏத்துற தண்ணியில இருக்கு. சில படகுகள்ல ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோ தண்ணியை வேணும்னே ஏத்தி, படகைத் தாழ்த்துறாங்க. இந்த எடைக்குப் பேரு பாலாஸ்ட். தமிழ்ல அடிப்பாரம்னு வச்சுக்கலாம்.

ஏரியில சொகுசா விளையாடுறவங்க கதை நமக்கு எதுக்குன்னு தோணலாம். இந்த பாலாஸ்ட் கணக்கு புரிஞ்சா, அடுத்த தடவை ஒகேனக்கல்ல பரிசல் ஏறும்போது எங்கே உட்காரணும், ஏன் எழுந்து நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லாமலே உங்களுக்குப் புரியும். அதுக்குத்தான் இந்த எபிசோட்.

அலை எங்கிருந்து வருது?

படகு முன்னாடி போகும்போது தண்ணியை ரெண்டு பக்கமும் ஒதுக்குது. அதோட பின்புறம் கடந்ததும் அங்க ஒரு பள்ளம் விழுது. அந்தப் பள்ளத்தை நிரப்ப இடது பக்கத் தண்ணியும் வலது பக்கத் தண்ணியும் ஓடி வருது. ரெண்டும் ஒரே நேரத்துல மோதினா நுரையும் குழப்பமும்தான். அதுல சறுக்க முடியாது. ஒரு பக்கத் தண்ணி கொஞ்சம் தாமதமா வந்தா, இன்னொரு பக்க அலை உடையாம, கண்ணாடி மாதிரி வழவழன்னு எழும்பி நிக்கும். வேக்சர்ஃபிங் மொத்தமும் அந்தத் தாமதத்தை உண்டாக்குற வேலைதான்.

இங்க ரெண்டு விஷயத்தைத் தனித்தனியா பிரிச்சுக்கணும். அலையோட நீளம் ஒண்ணு, உயரம் ஒண்ணு.

நீளத்தைப் பெரும்பாலும் முடிவு பண்றது வேகம். ஆழமான தண்ணியில அலை எவ்வளவு வேகமா ஓடுதோ, அதோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி அதன் நீளம் கூடும். வேக்சர்ஃபிங் நடக்குறது மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்துல. நம்ம ஊர்ல சைக்கிளை நல்லா மிதிச்சா வர்ற வேகம். 17.7 கிலோமீட்டர்னு எடுத்துக்கிட்டா, ஒரு முகட்டுல இருந்து அடுத்த முகடு வரைக்கும் சுமார் 15 மீட்டர் வரும். படகோட நீளமே ஏழு மீட்டர்தான். அதாவது படகு தானே உண்டாக்குன அலையோட மேட்டுல ஏற முடியாம, மூக்கைத் தூக்கிக்கிட்டு, பின்புறத்தைத் தண்ணியில அழுத்திக்கிட்டு போகுது. சாதாரண ஸ்பீட் படகு ஓட்டுறவங்க இந்த நிலையைச் சீக்கிரம் தாண்டி, தண்ணி மேல வழுக்கிப் போகத்தான் பார்ப்பாங்க. வேக்சர்ஃப் ஆளுங்களோ அதே நிலையிலதான் மணிக்கணக்கா ஓட்டுறாங்க.

படகோட நீளத்துக்கும் வேகத்துக்கும் அலைக்கும் இருக்குற இந்த உறவை ஒழுங்கா அளந்து காட்டினவர் வில்லியம் ஃப்ரூட். 1870-கள்ல இங்கிலாந்துல ஒரு நீளமான தொட்டி கட்டி, அதுல சின்னச் சின்ன மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். இன்னைக்கும் அதே முறைதான். சென்னை ஐஐடி-யோட கடல்சார் பொறியியல் துறையிலயும் அப்படி ஒரு இழுவைத் தொட்டி இருக்கு.

சரி, உயரம்? அதுக்குத்தான் எடை. படகு எவ்வளவு தண்ணியை ஒதுக்குதோ, அவ்வளவு பெரிய பள்ளம். நாம எட்டாவதுல படிச்ச ஆர்க்கிமிடீஸ்தான். ஆயிரம் கிலோ ஏத்தினா, படகு கூடுதலா ஆயிரம் லிட்டர் தண்ணியை ஒதுக்கியே ஆகணும். ஏழு மீட்டர் படகுக்குத் தண்ணி மட்டத்துல சுமார் 13 சதுர மீட்டர் பரப்புன்னு வச்சுக்கிட்டா, ஆயிரம் கிலோவுக்குப் படகு கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர்தான் தாழும். ஒரு கையோட அகலம். அவ்வளவுதானான்னு தோணுதுல்ல? ஆனா இந்த எடையைச் சமமா பரப்பாம பின்பக்கத்துல, ஒரு மூலையில குவிச்சா, அந்த மூலை இதைவிட ரொம்ப ஆழமா இறங்கும். அதனால கேள்வி எவ்வளவு எடைங்கிறதோட முடியல. எங்கே வைக்கிறோம்னும் கேக்கணும்.

எங்கே வைக்கிறது?

தண்ணியை ஏன் பாலாஸ்டா எடுக்குறாங்க? இலவசம், ஏரியிலயே இருக்கு, கணக்கும் சுலபம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. படகோட அடியில தொட்டிகள் இருக்கும், இல்லன்னா தடிமனான பைகள் இருக்கும். 340 கிலோ பிடிக்கிற பை ஒரு சாதாரண அளவு. நிமிஷத்துக்கு 50 லிட்டர் இறைக்கிற பம்பு போட்டா ஏழு நிமிஷத்துல நிறையும். விளையாடி முடிச்சதும் அதே பம்பு தண்ணியை வெளியே தள்ளிடும்.

இப்ப அமைக்குற முறைக்கு வருவோம். முதல்ல சறுக்குறவர் எந்தக் காலை முன்னாடி வைப்பார்னு பார்க்கணும். இடது கால் முன்னாடின்னா அவருக்கு இடது பக்க அலை. வலது கால் முன்னாடின்னா வலது பக்க அலை. அப்பதான் அவர் அலையைப் பார்த்து நிப்பார், முதுகு காட்டி நிக்க மாட்டார்.

பழைய முறையில, எந்தப் பக்கம் அலை வேணுமோ அந்தப் பக்கப் பின்மூலையை முழுசா நிரப்புவாங்க. எதிர்ப் பக்கத்தைக் காலியாவோ கம்மியாவோ விடுவாங்க. படகு அந்தப் பக்கமா சாஞ்சு ஓடும். சாஞ்ச பக்கத்து அலை உயரமா, சுத்தமா வரும். 2010-களோட தொடக்கத்துல இருந்து இன்னொரு முறை பரவுச்சு. படகோட பின்புறம் ரெண்டு பக்கமும் கதவு மாதிரி சின்னத் தகடுகள். அலை வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கத் தகட்டை நீட்டினா, அந்தப் பக்கத் தண்ணி சுத்திக்கிட்டு லேட்டா வரும். நாம முன்னாடி பார்த்த அதே தாமதம். மாலிபு கம்பெனி இதுக்கு சர்ஃப் கேட்னு பேர் வச்சது. மத்த கம்பெனிகளும் ஆளுக்கொரு பேர் வச்சிருக்காங்க. இதுல படகைச் சாய்க்க வேண்டியதில்ல. ரெண்டு பக்கமும் சமமா நிரப்பிட்டு, ஒரு பட்டனை அழுத்தி அலையைப் பக்கம் மாத்திக்கலாம்.

அடுத்தது முன்பக்கம். நம்ம கடற்கரையில இதை அணியம்னு சொல்வாங்க. எல்லா எடையையும் பின்னாடியே போட்டா அலை உயரமா, செங்குத்தா, ஆனா குட்டையா இருக்கும். ஒரு இடத்துல தவறினா அவ்வளவுதான், திரும்ப அலையைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் எடையை முன்னாடி வச்சா உயரம் லேசா குறையும், ஆனா நீளமும் தள்ளுற சக்தியும் கூடும். கத்துக்குறவங்களுக்கு அதுதான் நல்லது. அதனால பெரும்பங்கு பின்னாடி, ஒரு சின்னப் பங்கு முன்னாடி. சரியான விகிதம் படகுக்குப் படகு மாறும்.

அதைக் கண்டுபிடிக்கிற வழி, நாம கோட்ல பக் பிடிக்கிற அதே வழி. முதல்ல சமமா நிரப்பி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. அதை வீடியோ எடுத்து வைங்க. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. வேகத்தை ஒரு கிலோமீட்டர் கூட்டுங்க, இல்ல பின்மூலையில ஐம்பது கிலோ சேருங்க. ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. அலை நுரைச்சு உடைஞ்சா வேகத்தைப் பாருங்க, சாய்வைப் பாருங்க. அலை சுத்தமா இருந்தும் குட்டையா இருந்தா அப்புறம்தான் எடை. "இன்னும் தண்ணி ஏத்து"ங்கிறது கடைசி வழியா இருக்கணும். நிறைய பேர் அதை முதல் வழியா எடுத்துக்குறாங்க.

இதுல ஒரு கட்டாய விதி இருக்கு. ப்ரொப்பெல்லர் படகோட பின்முனையைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்குற சாதாரண அவுட்போர்டு படகுக்குப் பின்னாடி இதை விளையாடவே கூடாது. சறுக்குறவர் ரெண்டு மீட்டர்லதான் இருக்கார். விழுந்தா பிளேடு மேலதான் போவார். வேக்சர்ஃப் படகுகள்ல ப்ரொப்பெல்லர் படகுக்கு அடியில, உள்ள தள்ளி இருக்கும். அதோட புகையும் ஆபத்து. மெதுவா போற படகோட பின்புறத்துல கார்பன் மோனாக்சைடு தேங்கும். வாசனை இல்ல, கண்ணுக்கும் தெரியாது. பின்பக்க மேடையில உட்கார்ந்து கால் ஆட்டிக்கிட்டு வர்றது ரீல்ஸ்ல அழகா இருக்கும். ஆனா அது உயிருக்கு ஆபத்தான இடம்.

அரை டேங்க் ஏன் மோசம்?

இந்த இடத்துல நம்ம ஊர் தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. வெயில் காலத்துல ஓசூர் லேஅவுட்டுகளுக்கு எத்தனை டேங்கர் வருது, பார்த்திருப்பீங்க. முழு டேங்கர் வளைவுல கனமா, ஆனா நிதானமா திரும்பும். பாதி காலியான டேங்கர் திரும்பும்போது உள்ள இருக்குற தண்ணி ஒரு பக்கமா ஓடி, வண்டியை அந்தப் பக்கமே தள்ளும். எடை கம்மிதான், ஆபத்து ஜாஸ்தி. அதனாலதான் டேங்கருக்குள்ள தடுப்புத் தகடுகள் வைக்கிறாங்க.

படகுல அப்படியே இதே கதை. அரைகுறையா நிரம்பின பாலாஸ்ட் பையில தண்ணி அலையும். படகு இடது பக்கம் சாஞ்சா உள்ள இருக்குற தண்ணியும் இடது பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். நிமிர்த்த வேண்டிய எடையே கவிழ்க்கிற எடையா மாறிடும். அதனால பையை ஒண்ணு முழுசா நிரப்பணும், காத்தை வெளியேத்தணும், நகராம கட்டணும். இல்லன்னா முழுசா காலி பண்ணணும். நடுவுல விடக்கூடாது. கொஞ்சமா எடை வேணும்னா அதுக்கு ஈயக்குண்டு போட்ட சின்னப் பைகள் இருக்கு. வச்ச இடத்துலயே கிடக்கும்.

தஞ்சாவூர் பொம்மை ஞாபகம் இருக்கா? எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து உட்காரும். ரெண்டு காரணம். எடை அடியில இருக்கு, அது நகராது. அந்தக் களிமண்ணை எடுத்து பொம்மையோட தலையில வச்சா ஒரு தட்டுக்கே விழுந்துடும். நல்ல பாலாஸ்டுக்கு இந்த ரெண்டு குணம் போதும்: தாழ்வா இருக்கணும், அசையாம இருக்கணும்.

இப்ப சொல்லுங்க. ஒரு படகுல தாழ்வாவும் இல்லாம, அசையாமலும் இல்லாம இருக்குற எடை எது?

நாமதான்.

மனுஷன்ங்கிற பாரம்

ஒரு ஆள் சராசரியா 70 கிலோன்னு வைங்க. வேக்சர்ஃப் படகுல எட்டு பேர் ஏறினா 560 கிலோ. அது ஒரு முழு பாலாஸ்ட் பையைவிட அதிகம். அனுபவம் உள்ள டிரைவர்கள் அலையைச் சரி பண்ண பம்பைத் தொடுறதுக்கு முன்னாடி ஆட்களைத்தான் மாத்தி உட்கார வைப்பாங்க. "நீ இந்தப் பக்கம் வா, நீ முன்னாடி போ." உடனே அலை மாறும்.

இது அமெரிக்காவுல கண்டுபிடிச்ச வித்தையும் இல்ல. நம்ம பாக் நீரிணைக் கரையில, பாய்மரப் படகுகள்ல குறுக்கா ஒரு நீளப் பலகையை நீட்டி, காத்து அடிக்கிற பக்கமா ஆட்கள் அது மேல போய் உட்கார்ந்து படகு கவிழாம பார்த்துக்குவாங்க. காத்து கூடினா இன்னும் தள்ளிப் போவாங்க, குறைஞ்சா உள்ள வருவாங்க. மெட்ராஸ் மாகாணத்தோட மீன்வளத் துறை இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் படகுகளைப் பத்தி எழுதியிருக்கார். அந்த மீனவர்களுக்குத் தன்னோட உடம்புதான் பாலாஸ்டுன்னு நல்லாவே தெரியும். டிக்கெட் வாங்கிட்டு ஏறுற நமக்குத்தான் அது தெரியாது.

தெரியாம போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு தேதி இருக்கு. 2009 செப்டம்பர் 30. தேக்கடி. நம்ம பக்கத்துல இருந்து பள்ளி டூர், ஆபீஸ் டூர்னு போகாதவங்க கம்மி. பெரியாறு நீர்த்தேக்கத்துல ஜலகன்யகாங்கிற ரெண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனாங்க. அதுல தமிழ்நாட்டுல இருந்து போனவங்களும் இருந்தாங்க. கரையில விலங்குகள் தெரிஞ்சதும் பயணிகள் ஒரே பக்கமா திரண்டாங்க, படகு சாஞ்சதுன்னுதான் செய்திகள்ல வந்தது.

இதை நாம இதுவரைக்கும் பார்த்த கணக்குல வச்சுப் பாருங்க. மேல் தளத்துல ஆட்கள்: எடை உயரத்துல இருக்கு. எழுந்து நகர்றாங்க: எடை அசையுது. எல்லாரும் ஒரே பக்கம்: அரை டேங்கர் தண்ணி மாதிரி, சாய்வு வர வர எடையும் அந்தப் பக்கமே சேருது. அங்க யாரும் தப்பான எண்ணத்தோட எதுவும் செய்யல. யானையோ காட்டெருமையோ தெரிஞ்சா யார்தான் எட்டிப் பார்க்க மாட்டாங்க? அதனாலதான் ஒரு சுற்றுலாப் படகோட வடிவமைப்பும் ஆள் கணக்கும், எல்லாரும் எட்டிப் பார்க்குற அந்த நிமிஷத்தைத் தாங்குற மாதிரி இருக்கணும்.

2023 மே 7-ம் தேதி கேரளாவுல தானூர்ல 22 பேர் இறந்தாங்க. அது மீன்பிடி படகைச் சுற்றுலாப் படகா மாத்தினது. மீன்பிடி படகுல மீனும் ஐஸும் கீழே கிடக்கும். அதுக்கு மேல ஒரு தளம் கட்டி மனுஷங்களை ஏத்தினா, களிமண்ணைப் பொம்மையோட தலைக்கு மாத்தின கதைதான்.

ஒரு பரிசல் கணக்கு

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். ஒகேனக்கல். ஓசூர்லயோ கிருஷ்ணகிரியிலயோ வேலை பார்க்குற பேச்சிலர் கூட்டத்துக்கு ஞாயித்துக்கிழமைன்னா பாதி நாள் அங்கதான். காவிரிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகா, நடுவுல பரிசல்.

பரிசலுக்கு அடிக்கட்டை இல்ல, தொட்டி இல்ல, பம்பு இல்ல. மூங்கில் பின்னல், அடியில ஒரு உறை, அவ்வளவுதான். அதோட பாலாஸ்ட் முழுக்க முழுக்க அதுல உட்கார்ந்திருக்குற ஆட்கள். ஒரு கணக்கு போடுவோம்.

வேக்சர்ஃப் படகு, தண்ணி, ஆட்கள் எல்லாம் சேர்த்து 4,000 கிலோன்னு வைங்க. அதுல ரெண்டு பேர், 140 கிலோ, ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் ரெண்டு மீட்டர் நகர்றாங்க. மொத்த எடையோட மையம் எவ்வளவு நகரும்? 140-ஐ ரெண்டால பெருக்கி 4,000-ஆல வகுத்தா, 7 சென்டிமீட்டர். அலை மாறும், படகுக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப பரிசல். ஓட்டுறவரோட சேர்த்து அஞ்சு பேர், 350 கிலோ. பரிசலை ஒரு 70 கிலோன்னு வைங்க. மொத்தம் 420. அதே ரெண்டு பேர் போட்டோவுக்காக எதிர்ப் பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் நகர்றாங்க. 140-ஐ ஒன்றரையால பெருக்கி 420-ஆல வகுத்தா, 50 சென்டிமீட்டர். அரை மீட்டர்! பரிசலோட நடுவுல இருந்து விளிம்புக்கே சுமாரா ஒரு மீட்டர்தான் இருக்கும்னு வச்சுக்கிட்டா, எடையோட மையம் பாதி தூரம் போயாச்சு. அந்தப் பக்கத்து விளிம்பு தண்ணி மட்டத்துக்கு வந்துடும். அதே ரெண்டு பேர்தான். பெரிய படகுல அது அலையை மட்டும் மாத்துது. இங்க உயிரையே கேக்குது.

எழுந்து நின்னா இன்னும் மோசம். உட்கார்ந்திருக்கும்போது தாழ்வா இருந்த எடை மேல போயிடுது.

பரிசல் ஓட்டுறவர் நம்மளை ஏத்தும்போது பாருங்க. "அண்ணா நீங்க இப்படி வாங்க, அக்கா நீங்க எதிர்ல உட்காருங்க, தம்பி நகராத"ன்னு ஒவ்வொருத்தரையும் இடம் பார்த்து உட்கார வைப்பார். கனமான ஆளுக்கு எதிர்ல ரெண்டு சின்னப் பசங்களை வைப்பார். நிறைய பேர் அதை ஏதோ அதட்டல்னு நினைச்சு முகம் சுளிக்குறாங்க. அவர் நம்ம கண்ணு முன்னாடி பாலாஸ்ட் செட் பண்றார், மக்களே. மீட்டரும் இல்ல, ஆப்பும் இல்ல. கண்ணால எடை போட்டு, அரை நிமிஷத்துல. ஏழு மீட்டர் படகுல பட்டன் தட்டி செய்யுற வேலையை அவர் வாயால செய்யுறார்.

இந்த அலை நம்ம அணையில வேணுமா?

கடைசியா, "கேஆர்பி அணையில இதைக் கொண்டு வந்தா செமையா இருக்குமே"ங்கிற ஆசைக்கு வருவோம். தென்பெண்ணையில நமக்கு ரெண்டு பெரிய நீர்ப்பரப்பு இருக்கு. ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி, அப்புறம் கிருஷ்ணகிரி அணை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அலையோட சக்தி அதோட உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். உயரம் ரெண்டு மடங்குன்னா சக்தி நாலு மடங்கு. சறுக்குறவருக்குப் பின்னாடி அந்த அலை மறைஞ்சிடல. கரைக்குப் போய் மோதித்தான் நிக்குது.

அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்தோட நீரியல் ஆய்வுக்கூடம் 2022-ல இதை அளந்தது. வேக்சர்ஃப் படகோட அலை சாதாரணப் படகு அலை அளவுக்கு அடங்கணும்னா கரையில இருந்து 500 அடிக்கு மேல தள்ளி ஓட்டணும்னு சொன்னாங்க. கிட்டத்தட்ட 150 மீட்டர். வெர்மான்ட் மாநிலம் 2024-ல விதியே போட்டுடுச்சு. கரையில இருந்து 500 அடி தள்ளி, குறைஞ்சது 20 அடி ஆழம், தொடர்ச்சியா 50 ஏக்கர் பரப்பு இருக்குற இடத்துல மட்டும்தான் விளையாடலாம். பின்பக்கம் தாழ்ந்த படகோட ப்ரொப்பெல்லர் தண்ணியைக் கீழ்நோக்கித் தள்ளுறதால, ஆழம் கம்மியான இடத்துல அடிச்சேறு கலங்கும். அதுக்குத்தான் அந்த 20 அடி.

கிருஷ்ணகிரி அணையோட முழு மட்டமே 52 அடி. அதுவும் நிரம்பினாத்தான். அதுல மீன் பிடிக்கிறவங்க போறது பரிசல்ல. நாம இப்ப போட்ட கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. வலை இழுக்க ஒரு பக்கமா குனிஞ்சு நிக்கிற ஒரு ஆள், பக்கவாட்டுல இருந்து வர்ற ஒரு மீட்டர் அலை. யோசிச்சுப் பாருங்க. கெலவரப்பள்ளியில நுரை பொங்குற படங்களை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த அடிச்சேறை யாரும் கலக்காம இருக்குறதே புண்ணியம்.

இன்னொண்ணு. ஒரு ஏரியில ஏத்தின தண்ணியை இன்னொரு ஏரியில இறக்கினா, கூடவே அங்க இல்லாத உயிர்களும் இறங்கும். அதனாலதான் அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல படகை வெளியே எடுக்கும்போதே தண்ணியை வடிக்கச் சொல்றாங்க. இது நமக்குப் புதுசு இல்ல. எண்ணூர், பழவேற்காடு பக்கம் மீனவர்கள் காக்கா ஆழின்னு சொல்ற ஒரு மட்டி பரவி, இறால் கிடைக்கிற இடத்தையெல்லாம் மூடிடுச்சு. அது தென் அமெரிக்கப் பக்கத்து இனம். கப்பல்களோட பாலாஸ்ட் தண்ணியில வந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. கப்பல்களோட பாலாஸ்ட் தண்ணியைக் கட்டுப்படுத்த 2004-ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டு, அது 2017 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது. ஒரு வாளி தண்ணிக்குள்ள ஒரு ஊரோட பிழைப்பு மாட்டிக்கலாம்.

அதனால என் கருத்து இதுதான். வேக்சர்ஃபிங் அருமையான விளையாட்டு. அதுக்கேத்த ஆழமும் அகலமும் இருக்குற இடத்துல, அதுக்குன்னே செஞ்ச படகுல, தெரிஞ்ச டிரைவரோட வாய்ப்பு கிடைச்சா விளையாடுங்க. நம்ம அணைகளுக்கு வேண்டாம்.

கடைசியா நாலு விஷயம். எந்தப் படகா இருந்தாலும் செல்லும்.

ஒண்ணு, படகுல எத்தனை பேர், எவ்வளவு எடைன்னு ஒரு வரம்பு எழுதியிருக்கும். பாலாஸ்ட் தண்ணியும் அந்தக் கணக்குல சேரும். ஆயிரம் கிலோ தண்ணி ஏத்திட்டு முழு ஆள் கணக்கையும் ஏத்தக் கூடாது.

ரெண்டு, முன்பக்கம் கனமா இருக்குற படகை திடீர்னு நிறுத்தாதீங்க. பின்னாடி வந்துக்கிட்டு இருக்குற அதோட சொந்த அலையே வந்து தூக்கி, மூக்கைத் தண்ணிக்குள்ள சொருகிடும். விழுந்தவரை எடுக்கத் திரும்பும்போது மெதுவா, அலையைக் குறுக்கே வெட்டாம திரும்பணும்.

மூணு, லைஃப் ஜாக்கெட். கையில பிடிச்சுக்கிறதுக்கு இல்ல, போட்டு பக்கிள் மாட்டுறதுக்கு. போட்டோவுக்காகக் கழட்டாதீங்க.

நாலு, ஏதாவது சுவாரசியமா தெரிஞ்சா உட்கார்ந்த இடத்துல இருந்தே தலையை மட்டும் திருப்புங்க. உங்க பக்கத்துல தெரியலன்னா பரவால்ல. படகைத் திருப்பச் சொல்லுங்க, திருப்புவாங்க. நீங்க நகராதீங்க.

பரிசல்காரர் "இங்க உட்காரு தம்பி"ன்னா உட்காருங்க. உங்க எடை அவருக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒகேனக்கல் பிளான் போட்டிருக்குற ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்ல இந்த எபிசோடைப் போட்டு விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.